சித்தப்பா வாங்கிய டிகிரி

2024 ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. அப்பா பேரு போட்டு, பக்கத்துல 'இறந்துவிட்டார்'னு அடைப்புக்குறிக்குள்ள எழுதி, கீழ அம்மா, நான், தம்பி, தங்கச்சி நாலு பேரையும் போட்டிருக்கான். நாங்க யாருகிட்டயும் ஒத்தை ரூவா வாங்கலையே?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருபத்தேழு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்த அடைப்புக்குறி பழக்கமான முகம். "ஈ.பி. நம்பர் இருக்கா பாரு" என்றேன். இருந்தது. ஈ.பி. என்றால் நிறைவேற்று மனு. வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. கட்டு கட்டி, முத்திரை ஒட்டி, வாய்தா எழுதி, வக்கீல் வாதாடும்போது பின்னால் நின்று கேட்டவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சனங்கள் படும் குழப்பத்தை ஆயிரம் தடவையாவது பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் "அப்பா கடன், பிள்ளை கட்டித்தான் ஆகணும்" என்று பயந்து சொந்த நகையை விற்கிறார்கள். மீதிப் பேர் "ஆளே போயாச்சு, இனி எவன் என்ன பண்ணுவான்" என்று நோட்டீஸைக் கிழித்துப் போடுகிறார்கள். இரண்டுமே தப்பு.

கதைக்கு வருகிறேன். சித்தப்பா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். 2015-இல் ஒரு பைனான்ஸ்காரரிடம் நாலு லட்சம் வாங்கி புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. புரோநோட்டுக்கு மூணு வருஷம்தான் ஆயுசு. அதனால் 2017-இலேயே பைனான்ஸ்காரர் சப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். சித்தப்பா சம்மனை வாங்கி சட்டைப்பையில் வைத்தவர்தான், கோர்ட்டுப் பக்கம் போகவே இல்லை. 2019-இல் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது எதிர்த் தரப்பு வராமலே கொடுத்த தீர்ப்பாணை. வழக்கு தேதி வரை 12 சதவீத வட்டி, அதற்கப்புறம் அசலுக்கு 6 சதவீதம், போக செலவுத் தொகை. 2021-இல் சித்தப்பா போய்விட்டார். நோட்டீஸில் கேட்டிருந்த தொகை ஏழு லட்சத்து முப்பதாயிரம்.

"நாங்க கட்சியே இல்லாத வழக்குல எங்க மேல எப்படிண்ணே தீர்ப்பு செல்லும்?" என்று கேட்டான் போன் பண்ணின தம்பி, சித்தப்பாவின் மூத்த மகன். நியாயமான கேள்வி. கட்சிக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்.

சிவில் நடைமுறைச் சட்டம், 1908-ஆம் வருஷத்தது. அதில் 50-ஆம் பிரிவு என்று சின்னதாக ஒன்று உண்டு. டிகிரி முழுசாக நிறைவேறுவதற்குள் கடனாளி இறந்துவிட்டால், அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகள் மேல் அதை நிறைவேற்றலாம் என்கிறது. அத்தோடு நிறுத்தவில்லை. இறந்தவர் சொத்து அவர்கள் கைக்கு எவ்வளவு வந்ததோ, அதில் முறையாகச் செலவானது போக மீதி எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் பொறுப்பு என்கிறது. கணக்குக் காட்டச் சொல்லும் அதிகாரமும் கோர்ட்டுக்கு உண்டு.

எங்கள் ஆபீஸ் சீனியர் இதை ஒரே வரியில் சொல்வார்: தீர்ப்பு வாரிசோட வாயை அடைக்கும், சட்டைப்பைக்குள்ள கையை விடாது. வாயை அடைக்கும் என்றால், கடன் உண்டா இல்லையா, கையெழுத்து அப்பாவுடையதுதானா, வட்டி அதிகமா என்றெல்லாம் இனிமேல் பேச முடியாது. அதெல்லாம் சித்தப்பா உயிரோடு இருந்தபோது பேசியிருக்க வேண்டியது. ஈ.பி. கோர்ட்டு டிகிரிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்காது. எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்யச் சொல்லி மனு போட முப்பது நாள்தான். தாமதத்துக்குக் காரணம் சொல்லி வாரிசுகளும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சித்தப்பாவே சம்மன் வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கும்போது, ஐந்து வருஷத் தாமதத்துக்கு என்ன காரணத்தைச் சொல்வது?

ஆனால் இன்னொரு கேள்வி திறந்தே கிடக்கிறது. எந்தச் சொத்து இறந்தவருடையது, அது யார் கைக்கு வந்தது? வாரிசு வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான். அப்பா சொத்து பிள்ளை கைக்கு வந்திருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டியவர் டிகிரி வாங்கியவர். காட்டிவிட்டால், அதை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டியது பிள்ளை.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போனேன். சித்தி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "போலீசு வருமாப்பா?" என்றுதான் முதலில் கேட்டாள். போலீஸ் இல்லை சித்தி, வந்தால் அமீனா வருவார், அதுவும் சொத்தை ஜப்தி பண்ண. பணக் கடனுக்கான டிகிரியில் பெண்களைக் கைது பண்ணக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளையும், அப்பா வாங்கிய கடனுக்காக அப்படியெல்லாம் பிடித்துப் போக முடியாது. அப்பா சொத்தை வாங்கி வைத்துக்கொண்டு கணக்கே காட்டாமல் முழுங்கினால், முழுங்கிய அளவுக்கு அது பிள்ளையின் சொந்தக் கடன் மாதிரி ஆகிவிடும். அது வேறு கதை.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, சித்தப்பா விட்டுப்போனது என்னென்ன என்று எழுத ஆரம்பித்தோம்.

குடியிருக்கும் வீடு முதலில். இது சித்தியின் அப்பா செட்டில்மென்ட் பத்திரம் எழுதி அவளுக்குக் கொடுத்தது. சித்தப்பா அதில் குடியிருந்தார், அவ்வளவுதான். அதைத் தொட முடியாது. வரி ரசீது சித்தப்பா பேரில் இருந்ததைப் பார்த்து எதிர்த் தரப்பு அந்த வீட்டையும் சொத்து விவரத்தில் சேர்த்திருந்தது. பத்திர நகலைக் காட்டினால் போதும். ஆனால் காட்டத்தான் வேண்டும், கோர்ட்டு தானாக வந்து பீரோவைத் திறந்து பார்க்காது.

பஜாரில் இரண்டே கால் சென்ட் கடையிடம். சித்தப்பா சொந்தமாக வாங்கியது, அவர் பேரில் பத்திரம். இது மாட்டும், சந்தேகமே இல்லை.

எல்.ஐ.சி. பாலிசிப் பணம் இரண்டு லட்சம் சித்திக்கு வந்திருந்தது. கடனாளியின் ஆயுள் காப்பீட்டுத் தொகையை ஜப்தி செய்யக் கூடாது என்று அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. பி.எஃப்., அரசு ஓய்வூதியம், சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தாலியைக் கேட்பார்களோ என்று சித்தி முந்தானைக்குள் பிடித்துக்கொண்டிருந்தாள். அது பட்டியலிலேயே இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.

இங்கே ஒரு விஷயம். பாலிசி எடுக்கும்போதே மனைவி, பிள்ளைகள் நன்மைக்கு என்று 1874-ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எழுதிவிட்டால், அந்தப் பணம் இறந்தவர் சொத்தே ஆகாது, அறக்கட்டளை மாதிரி தனியாக நிற்கும். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தச் சலுகை சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே வந்துவிட்டது. மற்ற மாகாணங்களுக்கு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிற வசதி, கடை வைத்திருப்பவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருத்தருக்குக்கூடத் தெரிவதில்லை. ஏஜென்டுகளும் சொல்வதில்லை.

பேங்கில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் இருந்தது. நாமினி தம்பி. "நாமினி நான்தானே, அது என் பணம்தானே" என்றான். இல்லை. பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி என்றால் வாங்கிக் கொடுக்கிற கை, அவ்வளவுதான். பணம் சித்தப்பாவுடையது, அதனால் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டிய பணம். ஆனால் அதில் எழுபத்தெட்டாயிரம் தூக்கிப்போட்ட செலவுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் போயிருந்தது. நியாயமான ஈமச் செலவு முறையாகச் செலவானதுதான். தம்பி மனைவி கெட்டிக்காரி. பந்தல்காரர் ரசீது முதல் ஐயருக்குக் கொடுத்த தட்சிணை வரை தேதி போட்டு ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தாள்.

கடைசியில் ஸ்கூட்டர். பதினெட்டாயிரத்துக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் சின்னவன் போன் வாங்கிவிட்டான். "அந்தப் பதினெட்டாயிரமும் கணக்குல வரும்டா" என்றேன். கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பாவம்.

தம்பியின் மாசச் சம்பளம், தம்பி மனைவி நகை, தங்கச்சி புருஷன் வீடு, இவற்றையெல்லாம் அந்த நோட்டில் எழுதவே இல்லை. இவை இந்த டிகிரியின் பார்வையிலேயே படாதவை.

தங்கச்சிக்குத்தான் கோபம். "கட்டிக் கொடுத்து பதினாலு வருஷமாச்சு, கடன் மட்டும் எனக்கு வருதா?" என்றாள். கடன் மட்டும் வரவில்லை தாயி, கடையிடத்தில் நாலில் ஒரு பங்கும் வந்திருக்கிறது. சித்தி, இரண்டு பையன்கள், மகள், நாலு பேரும் சம பங்கு முதல் வகுப்பு வாரிசுகள். பங்கு இருக்கிற இடத்தில்தான் நோட்டீஸ் வரும். ஒருத்தர் பேர் விட்டுப்போனால் மொத்தமும் செல்லாது என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் அப்படி இல்லை. கடன்காரர் விசாரித்து, தெரிந்த வாரிசுகளை நல்லெண்ணத்தோடு சேர்த்திருந்தால், மோசடியோ கூட்டுச்சதியோ இல்லாதவரை, விட்டுப்போனவரின் பங்கையும் அது கட்டுப்படுத்தும் என்று 1965-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

சரி, சித்தப்பா டிகிரிக்கு முன்னாலேயே இறந்திருந்தால்? வழக்குப் போடும்போதே ஆள் இல்லை என்றால், செத்தவர் மேல் வாங்கிய டிகிரி வெறும் காகிதம். வாரிசுகள் மேல்தான் வழக்குப் போட வேண்டும், டிகிரியும் 'இறந்தவர் சொத்திலிருந்து' என்று வரையறுத்துத்தான் வரும். வழக்கு நடக்கும்போது இறந்தால், 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போட வேண்டும். போடாவிட்டால் வழக்கு அற்றுப்போகும். அற்றுப்போனதைத் திரும்ப எழுப்ப இன்னொரு 60 நாள். கட்சிக்காரர் இறந்த செய்தியை அவருடைய வக்கீலே கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த மெமோவை டைப் அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். முந்தின வாய்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்த மனுஷர் பேருக்குப் பக்கத்தில் அந்த அடைப்புக்குறியைப் போட வேண்டும். வாதமெல்லாம் முடிந்து தீர்ப்புக்குத் தள்ளிவைத்த பிறகு இறந்தால் மட்டும் தீர்ப்புக்குச் சேதமில்லை, உயிரோடு இருந்தபோது சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும்.

டிகிரிக்குப் பிறகு இறந்தால் இந்த 90 நாள் கெடுவெல்லாம் கிடையாது. டிகிரிக்கு 12 வருஷ ஆயுசு. அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாரிசுகளுக்கு நோட்டீஸ் கொடுத்து வரலாம். "மூணு வருஷமா சும்மா இருந்தான், இனிமே வரமாட்டான்" என்று சித்தி நினைத்திருந்ததும் இதனால்தான் பொய்த்துப் போனது.

பேச்சுவாக்கில் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், எங்களுக்கு மாமா முறை, "என்ன சட்டம் பேசுறீங்க, அப்பன் கடன் பிள்ளை கடன்தான், அது தர்மம்" என்றார். அவர் சொன்னதை லேசில் தள்ள முடியாது. ஒரு காலத்தில் அதுவே சட்டமாக இருந்தது. கடனோடு செத்தால் மேலே கதி இல்லை, மகன்தான் அடைத்துக் கரையேற்ற வேண்டும் என்று தர்ம சாஸ்திரம் சொன்னதை வெள்ளைக்காரன் கோர்ட்டு எடுத்துக்கொண்டது. பம்பாய் மாகாணத்தில் அப்பா ஒரு சல்லிக்காசு வைக்காமல் போனாலும் மகன் கட்ட வேண்டும் என்ற அளவுக்கு நடந்து, அதை நிறுத்த 1866-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பிற்பாடும் அப்பா, மகன் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் பங்கையும் சேர்த்து ஜப்தி பண்ணும் பழக்கம் இருந்தது. ஒரு விதிவிலக்கு: சூது, குடி மாதிரி வழியில் வந்த கடனுக்கு மகன் பொறுப்பில்லை. பழைய கட்டுகளைப் புரட்டினால், 'அப்பா குடிகாரர்' என்று நிரூபிக்கப் பிள்ளைகள் சாட்சி தேடி அலைந்த கதை கிடைக்கும்.

2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். மகளுக்குச் சம உரிமை கொடுத்த திருத்தம் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அதே 6-ஆம் பிரிவுக்குள், 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு 'மகனின் தர்மக் கடமை' என்ற ஒரே காரணத்தை வைத்து மகன், பேரன், கொள்ளுப்பேரன் மேல் போக முடியாது என்றும் எழுதி வைத்தார்கள். அதற்கு முந்தைய கடன் என்றால் பழைய கதைதான். குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காக வாங்கிய கடன் குடும்பச் சொத்தைக் கட்டுப்படுத்துவதும் வேறு கணக்கு. சித்தப்பா கடன் 2015. மாமாவுக்கு இதைச் சொன்னேன். "சட்டம் மாறும், தர்மம் மாறுமா" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

என் கூட்டாளி ஒருத்தரின் வாப்பா இறந்தபோது பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் எழுந்து நின்று, "வாப்பாவுக்கு யாராவது கடன் கொடுத்திருந்தால் என்னிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் நடப்பதுதான். அவர்கள் முறையில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்குள் மரண சாசனம், மீதி இருந்தால்தான் வாரிசுக்கு. வாரிசு பொறுப்பும் அவரவர் பங்கின் அளவுக்குத்தான். நம் வீடுகளில் கடன் பேச்சைக் காரியத்தன்று எடுத்தால் சண்டை வரும்.

அந்தக் காரியத்தன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் பைனான்ஸ்காரரின் ஆள் ஒருத்தர் வந்து தம்பியைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். "அப்பா நோட்டைக் கிழிச்சிடலாம், உங்க பேர்ல ஒண்ணு போட்டுக் குடுங்க, மரியாதையா போயிடும்." ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய நோட்டையும் கொண்டுவந்திருக்கிறார். தம்பி பேனாவை எடுத்துவிட்டான். அவன் மனைவி உள்ளேயிருந்து, "கொஞ்சம் இங்க வாங்க, ஐயர் கூப்பிடுறார்" என்று கூப்பிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஐயர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பஸ் ஏறியிருந்தார்.

அந்த ஒரு கையெழுத்து விழுந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. அது தம்பியின் சொந்தக் கடன் ஆகியிருக்கும். சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு என்ற பாதுகாப்பு காற்றோடு போயிருக்கும், அவன் சம்பளத்தின் மேலேயே கை வைத்திருப்பார்கள். அப்பா வாங்கிய கடனுக்கு ஏற்கெனவே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, வீட்டுக் கடனில் கூட்டு மனுதாரராக இருந்தாலோ அதே நிலைமைதான். அப்போது வாரிசு என்பதால் மாட்டுவதில்லை, கையெழுத்துப் போட்டதால் மாட்டுகிறோம். அடமானமும் தனி ரகம். அது சொத்தோடு ஒட்டிக்கொண்டே வரும், யார் கைக்குப் போனாலும்.

எங்களுக்கு அடி விழுந்தது எதிர்பாராத இடத்தில். சித்தப்பாவின் கணக்கு நோட்டில் 2020 தை மாசம் 'பைனான்ஸுக்குக் கொடுத்தது 1,50,000' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார், ரசீது இல்லை. டிகிரிக்குப் பிறகு கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்தாக வேண்டும். கடன்காரர் செய்யாவிட்டால் கொடுத்தவர் முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட்டு கண்ணெடுத்தும் பார்க்காது. சித்தி அந்தப் பக்கத்தை வக்கீலிடம் நாலு தடவை காட்டினாள். அவர் ஒவ்வொரு தடவையும் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஈ.பி.க்குக் கவுன்டர், அதாவது எதிருரை, போட்டோம். வீடு எங்களுடையது, கடையிடம் அப்பாவுடையது, ரொக்கத்துக்கு இதோ கணக்கு என்று ஒளிக்காமல் எழுதினோம். ஸ்கூட்டரையும் எழுதினோம். வக்கீல் அதை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒரு இடத்தில் மறைத்தால் மற்ற கணக்கை எவன் நம்புவான்? வீட்டை விவரத்திலிருந்து நீக்கினார்கள். கடையிடம் ஜப்தியானது. தண்டோரா போட்டு ஏலத்துக்கு விட்டால் பாதி விலைக்குத்தான் போகும். அதனால் நாங்களே தனியாக விற்றுக் கட்டுகிறோம், அவகாசம் வேண்டும் என்று கேட்டோம். அப்படிக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரே பதினோரு லட்சத்துக்கு வாங்கிக்கொண்டார். பைனான்ஸ்காரரிடம் உட்கார்ந்து பேசியதில், ஒன்றரை லட்சத்தை வாங்கினேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை, ஆனால் "சரி, ஆறு லட்சம் கொடுத்துடுங்க" என்றார். கொடுத்தது கோர்ட்டு உத்தரவோடு, டி.டி.யாக.

மீதியை நாலாகப் பங்கு போட்டார்கள். அதில் தன் பங்கை எடுப்பதற்கு முன் சின்னவன் பதினெட்டாயிரத்தைத் தனியாக எண்ணி அம்மா கையில் கொடுத்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

முழுத் திருப்தி மெமோ போட்டு ஈ.பி. முடிந்த அன்று, நகல் மனு போட்டு இரண்டு சான்று நகல் வாங்கச் சொன்னேன். தம்பி மறுநாளே போன் பண்ணினான். "அண்ணே, இதை லேமினேட் பண்ணி வச்சிக்கட்டுமா?"

பண்ணாதடா, சீல் தெரியாமப் போயிடும் என்றேன்.

"இல்லண்ணே, ஒண்ணை ஏற்கெனவே பண்ணிட்டேன்."

இரண்டு வாங்கச் சொன்னது அதற்குத்தான்.